பெட்டியைத் திறக்க ஊரில் ஆள் வேண்டும்

மழை தாலுகா எல்லை பார்த்துப் பெய்வதில்லை. செய்தித்தாளில் ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று போட்டு எதிரே மில்லிமீட்டரில் ஓர் எண் அச்சாகிறது. முந்தைய நாள் காலை 8.30 மணியிலிருந்து அன்று காலை 8.30 மணிவரை, மழைமானி நிற்கிற அந்த ஓர் இடத்தில் பெய்த மழை அது. மேற்கே செண்பகத்தோப்பில் கொட்டித் தீர்த்திருக்கும். இங்கே மடவார் வளாகத்தில் கொடியில் காய்கிற வேட்டியில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. ஆனால், எங்கள் கண்மாய்களுக்கு வேட்டி நனைக்காத அந்த மலை மழைதான் கணக்கு. அதனால் தோப்புக்காரர்கள் என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதில்லை. “அண்ணாச்சி, மேல எம்புட்டு?” என்றுதான் கேட்கிறார்கள்.

நான் வானிலை படித்தவன் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். நூற்பாலையில் ஈரப்பதம்தான் எஜமான். குறைந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும். கூடினால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். ஷிப்டுக்கு ஷிப்டு ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இரண்டையும் பார்த்து நோட்டில் எழுதியே பழகிய கை, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. மாடியில் ஒரு மழைமானி, மலையடிவாரத்தில் தெரிந்தவர் தோப்பில் இன்னொன்று, அவர் கிணற்றுக்குள் நீர்மட்டம் பார்க்க ஒரு சென்சார். மூன்றும் சூரிய ஒளியில் ஓடுகின்றன. எண்கள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கின்றன. பாலிடெக்னிக் படிக்கிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து செய்தது இது. “வெளிய எட்டிப் பாத்தாத் தெரியப் போகுது, இதுக்கு ஒரு மிஷினா?” என்று என் மனைவி கேட்டதுண்டு. அடிவாரத்தை மாடியிலிருந்து எட்டிப் பார்க்க முடியாதே என்றேன்.

இந்த விளையாட்டிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே முடிவை அரசு காதிலும் போட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். சென்சார் மலிந்துவிட்டது. எண்ணை எடுத்து உலகத்துக்கே காட்டுவது சுலபமாகிவிட்டது. பஞ்சம் இருப்பது, பெட்டியைத் திறந்து பழுது பார்க்க உரிமையும் பழக்கமும் உள்ள உள்ளூர் ஆளுக்கு. அந்த ஆள் இல்லாமல் வாங்கப்படும் கருவிகள் எல்லாம் திறப்பு விழாப் போட்டோவோடு முடிந்துவிடுகின்றன.

மூவாயிரம் ரூபாய்க்குள்

மழைமானிக்குள் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு புனல், அதன் கீழே அச்சில் ஆடும் இரட்டைக் கிண்ணம், ஒரு காந்தம், காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் ஸ்விட்ச். ஒரு கிண்ணம் நிறைந்ததும் கவிழ்ந்து கொட்டும். அடுத்தது மேலே வரும். கவிழும் ஒவ்வொரு முறையும் ஸ்விட்ச் ஒரு தடவை ‘டிக்’ அடிக்கும். 16 செ.மீ. விட்டமுள்ள புனலின் வாய் ஏறத்தாழ 200 சதுர செ.மீ. கிண்ணம் 4 மி.லி.க்குக் கவிழ்ந்தால் ஒரு டிக் 0.2 மி.மீ. மழை. சரிபார்க்க ஆய்வகம் வேண்டாம். 400 மி.லி. தண்ணீரை மெதுவாகச் சொட்ட விட்டு, 100 டிக் வருகிறதா என்று எண்ணினால் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யலாம்.

டிக்கை எண்ணி அனுப்புவது இஎஸ்பி32 என்ற சிப் உள்ள போர்டு. நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியதில்லை. கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும். வைஃபை அதிலேயே உண்டு. விழித்தே இருந்தால் சராசரியாக 100 மில்லிஆம்பியர் இழுக்கும். 2,600 மில்லிஆம்பியர்-மணி திறனுள்ள ஒரு 18650 லித்தியம் செல் ஒரு நாளைக்குமேல் கொஞ்சம்தான் தாங்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து விநாடி மட்டும் எழுந்து, அனுப்பிவிட்டு, மறுபடி தூங்கு என்று நிரல் எழுதினால் ஒரு நாளின் மொத்த வேலை நேரம் 16 நிமிடம்தான். அப்போது 120 மில்லிஆம்பியர் செலவென்று வைத்தாலும் நாளுக்கு 32 மில்லிஆம்பியர்-மணி.

இங்கேதான் வேடிக்கை. போர்டில் ‘பவர் இருக்கிறது’ என்று காட்ட ஒரு சிவப்பு எல்இடி எரிந்துகொண்டே இருக்கும். அது 2 மில்லிஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 48. வேலைக்காரனைவிட விளக்குக்குச் சம்பளம் அதிகம்! அந்த எல்இடியைப் பிய்த்தெடுத்து, போர்டின் ரெகுலேட்டர் தின்னும் வீண் மின்சாரத்தையும் குறைத்தால், அதே செல் வெயிலே இல்லாமல் ஒரு மாதத்துக்குமேல் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் மந்தாரம் போட்டாலும் கருவி சாகாது. மழைமானிக்கு அப்போதுதானே வேலை?

அடிவாரத்துத் தோப்பில் வைஃபை கிடையாது. முன்பெல்லாம் சிம் கார்டு மாட்டும் மாட்யூல் போடுவார்கள். மலிவாகக் கிடைப்பது 2ஜி மாட்யூல். எல்லா நிறுவனமும் 2ஜி தருவதில்லை. இப்போது லோரா ரேடியோ கைகொடுக்கிறது. மிகக் குறைந்த மின்சாரத்தில் சின்னச் சின்னத் தகவலைப் பல கிலோமீட்டர் தள்ளும். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைக்கு, குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு 2005-லேயே அறிவித்துவிட்டது. ஆன்டெனாவைத் தென்னை மட்டைகளுக்கு மேலே தூக்கிவைத்தால் அடிவாரத்திலிருந்து மடவார் வளாகத்து மாடிக்கு எண் வந்துசேர்கிறது. அங்கிருந்து இணையம். செலவெல்லாம் கூட்டினால் ஒரு நிலையத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்குள்.

வெயிலில் ஏறும் தண்ணீர்

ஆனால், எண் வருவதும் சரியான எண் வருவதும் ஒன்றாகிவிடாது.

கிணற்றில் வைத்திருப்பது மீயொலி சென்சார். மேலிருந்து ஒலியை அனுப்பி, நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். 25 டிகிரியில் விநாடிக்குச் சுமார் 346 மீட்டர். 40 டிகிரியில் 355 மீட்டர். கருவியில் 25 டிகிரிக்கான வேகத்தை மட்டும் எழுதிவைத்தால், நாலு மீட்டர் ஆழத்தில் மத்தியான வெயிலுக்குப் பத்து செ.மீ. பிழை வரும். ஒலி சீக்கிரம் திரும்புவதால் தண்ணீர் மேலே ஏறியதாகக் காட்டும். சித்திரை வெயிலில் தானாக ஏறி, ராத்திரி தானாக இறங்கும் அதிசயக் கிணறு! பக்கத்தில் ஒரு வெப்பநிலை சென்சாரை வைத்து வேகத்தைத் திருத்தினால் அதிசயம் நின்றுவிடும். இதை அறிந்தவர் வரைபடத்தைப் பார்த்ததும் கண்டுபிடிப்பார். அறியாதவர் அறிக்கையில் சேர்த்துவிடுவார்.

சோலார் பேனலுக்கும் இதே கதைதான். நம் ஊர் அட்சரேகை ஒன்பதரை டிகிரி. தெற்கே பார்த்துப் பத்து டிகிரி சாய்த்தால் போதும் என்று புத்தகம் சொல்லும். நாங்கள் பதினைந்துக்கு மேல் சாய்க்கிறோம். தூசி மழையில் வழிந்து போக வேண்டுமே. லித்தியம் செல்லை 45 டிகிரிக்குமேல் சூடான நிலையில் சார்ஜ் செய்தால் ஆயுள் குறையும். வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டிக்குள் அதைவிடச் சூடு. அதனால் வெள்ளைப் பெட்டி, பேனலின் நிழலில், காற்றோட இடைவெளி விட்டு. இவ்வளவும் செய்தபிறகு பல்லி உள்ளே போய் முட்டையிடும். எறும்பு ரிலேவுக்குள் குடியேறும். குளவி, மழைமானிப் புனலின் துளையைப் பார்த்து மண்கூடு கட்டும். பிறகு எவ்வளவு பெய்தாலும் மானி ‘மழை இல்லை’ என்றே சொல்லும். குளவிக்கு எந்த மென்பொருளும் மருந்தில்லை. ஏணி போட்டு ஏறி, ஈர்க்குச்சியால் குத்திவிட ஓர் ஆள் வேண்டும்.

பெயர் வேண்டாம், ஓர் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிக்கு நீர்மட்ட சென்சார் பொருத்தினார்கள். நல்ல சாமான், நல்ல பெட்டி, நல்ல பூட்டு. சில மாதத்தில் நின்றுபோனது. பம்ப் ஆபரேட்டர் தம்பி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். சாவி ஒப்பந்தக்காரரிடம், ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை. மூடியைக் கழற்றினால் வாரண்டி போய்விடும் என்று அலுவலகத்தில் பயம். கருவி என்ன எண் காட்டியது என்று கேட்டேன். “அது சென்னைக்குப் போவும் சார், நமக்குத் தெரியாது” என்றார். தொட்டி அவர் ஊரில், தண்ணீர் அவர் ஊருடையது, எண் மட்டும் ஊரைவிட்டுப் போகிறது. பெரும்பாலும் ஒரு ஃபியூஸோ ஒரு செல்லோ போயிருக்கும். அதை மாற்ற ஐம்பது, நூறு ரூபாய் ஆகும். பூட்டு விடவில்லை.

மண்டபத்துக்கு மண்டபம் ஓர் ஆள்

இந்த ஊருக்குத் தொலைவிலிருந்து தகவல் அறிவது புதிதில்லை. திருமலை நாயக்கர் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டில், ஸ்ரீவில்லிபுத்தூரில் உச்சிக்கால பூஜை முடிந்த செய்தி மதுரை அரண்மனைக்கு எட்டிய பிறகே மன்னர் உண்பார் என்பது ஊர்க்கதை. இங்கே நகரா முரசு ஒலிப்பதைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் ஒலிக்க, அதைக் கேட்டு அதற்கடுத்த மண்டபத்தில் ஒலிக்க, மதுரைவரை செய்தி ஓடும். மதுரைச் சாலையில் நகரா மண்டபங்களைக் காட்டி இதைச் சொல்லுவார்கள். கதை எவ்வளவு தூரம் மெய்யோ, அதன் சூத்திரம் மெய். ஒவ்வொரு மண்டபத்திலும் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் நின்றாக வேண்டும். ஒருவர் தூங்கினால் மன்னர் பட்டினி.

கண்மாய்க்கும் அப்படி ஓர் ஆள் இருந்தார், நீர்பாய்ச்சி. எந்தக் கல் முங்கினால் எத்தனை நாள் பாசனம், கலுங்கு எப்போது மறுகால் பாயும் என்பது அவருக்கு அத்துபடி. அவருக்கு ஊர் நெல் அளந்தது. அந்த ஏற்பாடு கலைந்த பிறகு அவர் செய்த வேலையைச் செய்ய நாம் கருவி தேடுகிறோம். கருவி தாராளமாக வரட்டும். நெல் அளக்கும் பழக்கமும் கூடவே திரும்ப வர வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தின் மீனச்சிலாற்றுப் படுகையில் தன்னார்வலர்களும் மாணவர்களும் மழையையும் ஆற்று மட்டத்தையும் தாங்களே அளந்து, போனில் பகிர்ந்துகொள்கிறார்கள். மேலே எவ்வளவு பெய்தது என்பது கீழே பாலாவில் இருப்பவருக்குத் தண்ணீர் வருமுன் தெரிந்துவிடுகிறது. வயநாட்டில் கல்பெட்டாவைச் சேர்ந்த ஹியூம் மையம் மாவட்டம் முழுக்க 200-க்கும் மேற்பட்ட மழைமானிகளைக் கொண்ட வலையமைப்பை நடத்துகிறது. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு நடந்தது. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பக்கத்துப் புத்துமலையில் 572 மி.மீ. மழை பதிவானது. சரிவுக்குப் பல மணி நேரம் முன்பே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாக அந்த மையம் சொன்னது. எளிய மானிகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தார்.

நம் மாநிலத்திலேயே வால்பாறை இருக்கிறது. யானை நடமாட்டத்தை மக்களுக்குத் தெரிவிக்க, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு 2011 முதல் குறுஞ்செய்தியோடு, செல்போனால் இயக்கப்படும் சிவப்பு எல்இடி விளக்குகளையும் பயன்படுத்தியது. விளக்கை எரியவிடுவது தோட்டத்துத் தொழிலாளர்களும் உள்ளூர்க்காரர்களும். தங்கள் கையில் இருந்ததால் அதைத் தங்களுடையதாக வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2015-ல் சில தன்னார்வலர்கள் மலிவான தூசி சென்சாரை வீட்டுச் சன்னலில் மாட்டி, எண்களைப் பொதுவில் வைத்தார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியதற்குக் காரணம், எப்படிச் செய்வது என்ற குறிப்பும் எண்களைப் போலவே பொதுவில் இருந்ததுதான்.

எங்கள் மலைக்கு ஒரு கணக்கு

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்றாக 385 தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியது. விருதுநகர் மாவட்டத்தில் 11 வட்டாரங்கள். நல்ல தொடக்கம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் மலையுச்சியில் தொடங்கிக் கரிசல் மண்வரை இறங்குகிறது. ஒரே ஒரு நிலையம் இரண்டுக்கும் பேச முடியாது. மழை எவ்வளவு ஓரிடத்தில் குவியும் என்பதற்கு 2023 டிசம்பர் சாட்சி. 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. அந்த எண் நமக்குத் தெரிவது அங்கே ஒரு மழைமானி இருந்ததால். மானி இல்லாத இடங்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

எங்கள் ஓடைகளுக்கு நீர் தரும் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். என்னைப் போன்ற ஆட்கள் உள்ளே போய்க் கருவி நட முடியாது, நடவும் கூடாது. வனத்துறை மனம் வைத்தால், வேட்டைத் தடுப்பு முகாம்களில் ஒரு மானி வைத்து, அங்கிருக்கும் காவலர் அதைத் துடைத்துவிட்டால் போதும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துப்போனதை வத்திராயிருப்புப் பக்கத்தார் மறக்கவில்லை. கீழே வெயில், மேலே பேய்மழை என்கிற நிலையில், மேலிருந்து வரும் ஓர் எண்ணுக்கு உயிர் விலை உண்டு.

“பொழுதுபோக்குக்காரர்கள் சொல்லும் எண்ணை எப்படி நம்புவது?” என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சுவரோரம், மரத்தடியில் வைத்த மானியை நம்பக் கூடாது. தடை எவ்வளவு உயரமோ அதில் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். இரட்டைக் கிண்ண மானி கனமழையில் கொஞ்சம் குறைத்துக் காட்டும். கவிழும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராது. மலிவான டிஎச்டி11 ஈரப்பத சென்சார் ஐந்து சதவீதம் அப்படி இப்படிச் சொல்லும். ஆலையில் அதை வைத்தால் ஸ்பின்னிங் மாஸ்டர் விரட்டுவார். ஆகவே இடத்தின் படம், சென்சாரின் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி மூன்றையும் எண்ணோடு சேர்த்து வெளியிட வேண்டும். ஒரு மழைக்காலம் அரசு மானிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அனுமதி கொடுங்கள், தேறாததைத் தள்ளிவிடுங்கள். இன்னொரு கட்டுப்பாடு எங்களுக்கே: பெய்ததை மட்டும் சொல்ல வேண்டும். ‘பெய்யும்’, ‘வெள்ளம் வரும்’ என்று எச்சரிப்பது அரசின் பொறுப்பு. அதை வாட்ஸ்அப்பில் கையிலெடுப்பவர் ஊரைக் கலவரப்படுத்துவார்.

அரசிடம் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஊராட்சிக்கோ கண்மாய்க்கோ மக்கள் பணத்தில் எந்த சென்சார் வாங்கினாலும் ஒப்பந்தத்தில் மூன்று வரி சேருங்கள். ஒன்று, கருவி தரும் எண் அதே நேரத்தில் பொதுமக்கள் பார்வைக்கும் வர வேண்டும். ஊராட்சி அலுவலகப் பலகையில் சாக்பீஸால் எழுதினாலும் சரி. இரண்டு, சுற்றுப்படமும் உதிரிபாகப் பட்டியலும் மூடியின் உட்புறம் ஒட்டப்பட்டு, சாவி ஊராட்சியில் இருக்க வேண்டும். மூன்று, தொகையில் ஒரு பங்கு உள்ளூர்ப் பராமரிப்புக்கு. ஐடிஐ, பாலிடெக்னிக் படித்த பிள்ளைகள் ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவில் பக்கத்திலும் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஏணி ஏறி, துடைத்து, 400 மி.லி. ஊற்றி எண்ணிப் பார்க்க ஒரு மதிப்பூதியம் கொடுத்தால், படித்ததை ஊரிலேயே செய்து பார்த்த கையும் அவர்களுக்கு மிஞ்சும்.

மதிப்பூதியத்துக்குக் கொஞ்சம் பணம் வேண்டும். மற்ற இரண்டு வரிகளுக்கும் ஒரு பைசா ஆகாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு மாவட்ட ஆய்வுக் கூட்டம் வழக்கமாக நடக்கும். அந்தக் கூட்டத்தில் எத்தனை கருவி வாங்கினோம் என்ற கணக்கோடு, அவற்றில் இன்று எத்தனை ஓடுகின்றன, எண் எங்கே தெரிகிறது, சாவி யாரிடம் என்றும் ஆட்சியர் கேட்கட்டும். பதில் வராத பெட்டிகளின் பட்டியலை வெளியிட்டால், திறந்து பார்க்க நாங்கள் ஸ்குரூடிரைவரோடு வருகிறோம். சம்பளம் வேண்டாம், அனுமதி போதும்.